கழுவுதல் கழுவாய் ஆகுமா?

காய்கறிகளின் மேல் படிந்து கிடக்கும் பீடைகொல்லி நஞ்சை, பிளாஸ்மா ஊட்டிய நீரில் இட்டு நீக்கிவிடலாம் என்னும் செய்தி நம்மவர் செவிக்கும் எட்டியிருக்கிறது. கற்றவருள் சிலர், இனி வெலிமடைப் போஞ்சியை அஞ்சாது உண்ணலாம் என்று மகிழ்கின்றனர். உழவருள் சிலரோ, நேற்று நஞ்சை விற்றவர்களே நாளை நஞ்சைக் கழுவும் பொறியையும் விற்க வருவார்கள் போலும் என்று நகைக்கின்றனர். மகிழ்ச்சிக்கும் அவசரம் வேண்டா, நகைப்புக்கும் அவசரம் வேண்டா. அப்பொறி யாது செய்யும், யாது செய்யமாட்டாது என்பதை முதலில் அறிவோம். அதன் பின்னர், அதை யார் கையில், எந்த இடத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் வைப்பது என்று கேட்போம்.

பிளாஸ்மா என்பது திண்மம், திரவம், வாயு என்ற மூன்று நிலைகளுக்கும் அப்பாற்பட்ட நான்காம் நிலை. மின்னாற்றல் பாயும்போது வாயுவின் அணுக்கள் சிதைந்து மின்னேற்றம் கொண்ட துகள்களாய் மாறும் நிலை அது. 1928-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். பெயர் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று. இடி மின்னலோடு மழை பெய்தால் பயிர் பச்சை பிடிக்கும் என்பதை ஊவா மலைகளில் மண்வெட்டி பிடித்தவர் எவரும் அறிவர். மின்னலானது காற்றிலுள்ள நைதரசனையும் ஒட்சிசனையும் பிணைக்கிறது. பிணைந்தவை மழைநீரில் கரைந்து மண்ணில் இறங்குகின்றன. அம்மின்னலைச் சிறிதாக்கி, ஒரு பாத்திரத்து நீரின் மேல், பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில், நிமிடக் கணக்கில் ஓடவிட்டால் கிடைப்பதுதான் பிளாஸ்மா ஊட்டிய நீர். ஐதரசன் பேரொட்சைட்டு, ஓசோன், நைத்திரேற்று முதலியன அதில் பிறக்கின்றன, நீர் புளிப்பேறுகிறது. இவை நஞ்சின் மூலக்கூறைத் தாக்கி அதன் பிணைப்புகளை அறுக்கின்றன. வெளியிலிருந்து மருந்துச் சரக்கு எதுவும் கொண்டு வர வேண்டுவதில்லை; காற்று, நீர், மின்சாரம் ஆகிய மூன்றும் போதும். அதுவே இம்முறையின் கவர்ச்சி.

ஆராய்ச்சி முடிவுகள் வெறும் புனைவல்ல. அயர்லாந்தின் டப்ளின் நகர ஆய்வாளர் 2014-இல், பொதியிட்ட ஸ்ட்ரோபெரிப் பழங்களின் மீது நேரடியாகக் குளிர் பிளாஸ்மாவைச் செலுத்தி, நான்கு வகை நஞ்சுகள் நூற்றுக்கு 45 முதல் 71 பங்கு வரை குறைந்ததைக் கண்டனர். அதே நகரில் 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நீரிற் கரைந்திருந்த மலத்தியன் எட்டு நிமிடத்தில் நூற்றுக்கு 70 பங்களவு சிதைந்தது. 2019-இல் சீன ஆய்வாளர், பிளாஸ்மா ஊட்டிய நீரில் திராட்சையைக் கழுவி, பொக்சிம் என்ற பூச்சிகொல்லியின் நான்கில் மூன்று பங்களவை அகற்றினர். நமக்கு அண்மையிலும் ஆய்வு நடக்கிறது. குஜராத்தின் காந்திநகரை அடுத்துள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இந்நீரைப் பற்றி ஆராய்ந்து வந்திருக்கிறது. தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் குளிர் பிளாஸ்மாவை உணவுப் பொருட்களில் பரிசோதித்து வந்திருக்கிறது. ஆகவே இது வித்தைக்காரன் கூடாரத்துப் பொருள் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

நிற்க. நூற்றுக்கு எழுபது குறைந்தது என்றால் முப்பது எஞ்சியது என்பதும் பொருளன்றோ? எஞ்சிய முப்பது ஆபத்தானதா, ஆபத்தற்றதா என்பது தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. அதை அளந்து அறியாதவன் எழுபதைக் கொண்டும் ஒன்றும் செய்ய இயலாது. நஞ்சு சிதைந்தது என்பதும் நஞ்சு ஒழிந்தது என்பதும் ஒன்றல்ல. மலத்தியன், குளோர்பைரிபொஸ் போன்ற நஞ்சுகள் ஒட்சிசனேற்றம் அடையும்போது, முழுவதும் சிதையுமுன் இடைநிலையில் ‘ஒக்சோன்’ எனப்படும் வடிவத்தைப் பெறக்கூடும். அவ்வடிவம் மூல நஞ்சினும் கொடியது. போதிய நேரம் ஓடாத பொறியும், வீரியம் குன்றிய நீரும், நஞ்சை அழிப்பதாக எண்ணி அதைக் கூர்மையாக்கிக் கொடுக்கும் நிலை வரலாம். ஆகவே எந்தக் காய்க்கு, எந்த நஞ்சுக்கு, எத்தனை நிமிடம் என்று ஆய்வுகூடத்தில் வரையறுக்காமல் இதைச் சந்தைக்குக் கொண்டு வருவது அறிவுடைமை ஆகாது.

இன்னொரு தடையும் உண்டு. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஆப்பிள் பழத்தை வைத்துச் செய்த சோதனை இதற்கு நல்ல சான்று. தயபெண்டசோல் என்ற பூஞ்சணக்கொல்லியைப் பூசி 24 மணி நேரம் வைத்தபோது, அதன் ஐந்தில் ஒரு பங்கு தோலின் ஊடாக உள்ளே இறங்கிவிட்டது. எந்த நீரில் கழுவினாலும் அந்தப் பங்கு வெளியே வரவில்லை. அதுவும் மேலே பூசிய நஞ்சின் கதை. இமிடக்குளோபிரிட் போன்றவை வேர்வழியும் இலைவழியும் செடியின் சாற்றோடு கலந்து ஊடுருவுமாறே ஆக்கப்பட்டவை. சாற்றுக்குள் ஓடும் நஞ்சை மேலே ஊற்றும் நீர் எவ்வாறு அணுகும்? பிளாஸ்மா நீராயினும் கங்கை நீராயினும் தோலுக்கு வெளியேதான் நிற்கும்.

இங்கே சட்டத்தின் சொற்களைக் கவனிக்க வேண்டும். 1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டம் தன் முற்பகுதியிலேயே, உடல்நலத்துக்குத் தீங்கு செய்யும் பொருள் தன் உள்ளேயோ தன் மேலேயோ கொண்ட உணவை எவரும் விற்றலாகாது என்று விதிக்கிறது. ‘மேலே’ என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ‘உள்ளே’ என்றும் சட்டம் இயற்றியோர் எழுதி வைத்தனர். கழுவும் பொறி அவ்விரு சொற்களுள் ஒன்றுக்கே விடை கூறுகிறது. மற்றொரு சொல்லுக்குரிய விடை தோட்டத்திலும், மருந்துக் கடையிலும், இறக்குமதி உரிமத்திலும்தான் கிடைக்கும். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 33-ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், இறக்குமதி, பொதியிடல், விவரச்சீட்டு, களஞ்சியம், விற்பனை, பாவனை ஆகிய அனைத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்திருக்கிறது. அதிகாரம் இல்லை என்று எவரும் கைவிரிக்க முடியாது.

வெலிமடையில் நஞ்சு காய்மேல் ஏறும் வகையைச் சற்று விரித்துரைப்போம். ஏனெனில் கொழும்பிலிருந்து எழுதுவோர் பலர், உழவனின் பேராசையே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். வெலிமடை, ஊவா பரணகம, கெப்பிட்டிபொல, பண்டாரவளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கு, போஞ்சி, கரட், கோவா, தக்காளி ஆகியன ஆண்டு முழுதும் ஒன்றன்பின் ஒன்றாய் விளைகின்றன. நிலத்துக்கு ஓய்வில்லை, ஆகவே பூச்சிக்கும் பட்டினியில்லை. பனியும் ஈரமும் நிறைந்த மலைக்காற்றில், உருளைச் செடியையும் தக்காளிச் செடியையும் ஒருங்கே கருக்கிவிடும் வெளிறல் நோய் சில நாட்களிலேயே ஒரு வயலைத் தின்றுவிடும். கடன் வாங்கி விதைக்கிழங்கு நட்டவன், நோய் கண்ட பின் தெளிப்பான் என்று எதிர்பார்ப்பது இயலாத காரியம். நோய் வருமுன்னரே தெளிக்கிறான்.

போஞ்சியின் நிலை இன்னும் இக்கட்டானது. நெல்லைப் போல் ஒரே நாளில் அறுத்து முடிப்பதன்று போஞ்சி. காய்க்கத் தொடங்கினால் சில நாட்களுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். விட்டால் காய் முற்றி விலைபோகாது. பறிக்கும் வாரங்களிலேயே காய் துளைக்கும் புழுவும் வருகிறது. தெளித்த பின் இத்தனை நாள் கழித்தே பறிக்கலாம் என்று போத்தலின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளிக்குள் இரண்டு பறிப்பு வந்துவிடுகிறது. இடைவெளியைக் காத்தால் காய் வீண். காய் வீணானால் கடன். இவ்விடைவெளி சட்டத்தின் குரல்; அச்சந்தை விலை வயிற்றின் குரல். இரண்டுக்கும் நடுவில் உழவனைத் தனியே நிறுத்திவிட்டு, அவன் வயிற்றின் குரலைக் கேட்டான் என்று குறைகூறுவது எந்த நீதி? இறக்குமதி உருளைக்கிழங்கின் மீதான வரியை, 2007-ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவித்தலால் உயர்த்தவும் தாழ்த்தவும் வல்ல அரசாங்கம், அவ்வுழவனின் விலையை ஓர் இரவில் சரியச் செய்யவும் வல்லது.

அவனுக்கு அறிவுரை கூறுபவர் யார்? விதையும் உரமும் கடனாகக் கொடுக்கும் கடைக்காரரே நஞ்சையும் விற்கிறார். எதைத் தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது என்றும் அவரே சொல்கிறார். ஒரே மேசைக்குப் பின்னால் வைத்தியரும் மருந்து வியாபாரியும் ஒருவராய் அமர்ந்திருக்கும்போது நோயாளி எத்தனை குளிகை விழுங்குவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ‘மருந்து’ என்றே நாம் அதை அழைக்கிறோம். மருந்தடித்தல், மருந்துக் கடை, மருந்து டாங்கி! சிங்கள உழவரும் மருந்தைக் குறிக்கும் ‘பெஹெத்’ என்ற சொல்லையே வழங்குகின்றனர். நஞ்சுக்கு மருந்து என்று பெயரிடுவதில் மட்டும் இந்நாட்டின் இரு மொழிகளும் முழு உடன்பாடு கண்டிருக்கின்றன.

விவசாய விரிவாக்கல் உத்தியோகத்தர் எங்கே என்று கேட்கலாம். 1987-இன் 13-ஆம் திருத்தத்தின்பின் விவசாய விரிவாக்கத்தின் பெரும்பகுதி மாகாண சபைகளின் பொறுப்பாயிற்று. ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டம்பரில் தேர்தல் நடந்தது; 2019-இல் அச்சபையின் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் மக்களால் தெரிவுசெய்யப்பட்டோர் ஒருவருமின்றி ஆளுநரின் கீழேயே மாகாண நிருவாகம் நடந்து வந்தது. போஞ்சிக்காயின் மேலுள்ள நஞ்சுக்கும் தேர்தல் பெட்டிக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

இனித் தோட்டத்து மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நஞ்சைச் சுமக்கும் முதுகுகளுள் அவர்களுடையவையும் உள்ளன. தோட்டத்தில் வேலைநாள் குறையும்போது, லயத்து இளைஞர்கள் அண்டைக் காய்கறி நிலங்களுக்கு நாட்கூலியாகச் சென்று டாங்கியைச் சுமந்து தெளிக்கின்றனர். கையுறையும் முகக்கவசமும் அவர்களுள் பலருக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் அந்நிலத்தின் உடைமையாளர் அல்லர். காணி உறுதி இல்லாதவர் ‘விவசாயி’ என்ற பதிவேட்டில் ஏறுவது அரிது. ஏறாதவருக்குப் பயிற்சியும் அரிது. மாலையில் சந்தையில் விலை குறைந்த காயை வாங்கி லயத்துக்குக் கொண்டு வருபவர்களும் அவர்களே. அங்கே பல குடும்பங்களுக்கு ஒரு நீர்க்குழாய். அதுவும் நாள் முழுதும் ஓடுவதில்லை. ஓடும் நீரில் மும்முறை கழுவுங்கள் என்னும் நகரத்து அறிவுரை, குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்க்கு எவ்வளவு பயன்படும்? பல ஆயிரம் வோல்ட் பொறியை வீட்டுக்கு வீடு வைப்பது என்ற பேச்சு அவளைப் பொறுத்தவரை கதைப்பேச்சே. இதனாலேதான், பிளாஸ்மாப் பொறி என்றேனும் ஊவாவுக்கு வருமாயின், அது பண வசதியுள்ளோர் சமையலறையின் அலங்காரமாக வரக்கூடாது, பொதுச் சொத்தாகவே வரவேண்டும் என்கிறோம்.

நம் மக்கள் கொழுந்து பறிக்கும் தேயிலைக்கு நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2015 ஜூனில் கிளைபொசேற் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. களையை அடக்க வேறு வழி தேடிய தோட்ட நிருவாகங்களுள் சில எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லியை நாடின. 2018-இன் தொடக்கத்தில் ஜப்பான் நாட்டார் இலங்கைத் தேயிலையில் அதன் எச்சம் தங்கள் எல்லையை மீறியது கண்டு சரக்கை மறுத்தனர். அந்த எல்லை யாது? ஒரு கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம்! அதாவது பத்துக் கோடிப் பங்கில் ஒரு பங்கு. உடனே கொழும்பில் கூட்டங்கள் கூடின, அமைச்சர்கள் விழித்தனர், அவ்வாண்டு ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபொசேற் தடை தளர்த்தப்பட்டது. தளர்த்தியது சரியா, தவறா என்ற வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை. தோக்கியோவில் தேநீர் அருந்துபவனின் கிண்ணத்துக்காகப் பத்துக் கோடியில் ஒரு பங்கை அளக்க முடிந்த இந்நாட்டில், அந்தக் கொழுந்தைப் பறித்தவளின் சட்டியிற் கிடக்கும் போஞ்சியை அளப்பதற்கு அத்தகைய விரைவு எப்போதேனும் காட்டப்பட்டதா? அயல்நாட்டான் வாங்க மறுத்தால் அது நாட்டின் நெருக்கடி. நம்மவன் உண்டு நலிந்தால் அது அவன் தலைவிதி. இந்த வேற்றுமையே நமது வழக்கு.

சட்டத்தால் எதுவும் ஆகாது என்று சலித்துப் பேசுவோருக்கும் ஒரு சொல். 1995-இல் மெதமிடொபொஸ், மொனோகுரோட்டொபொஸ் என்ற இரு கொடிய நஞ்சுகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1998-இல் எண்டோசல்பானும் நிறுத்தப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகளுக்குள் இந்நாட்டின் தற்கொலைச் சாவுகளின் விகிதம் பாதியாகக் குறைந்ததை உலகத்தின் மருத்துவ ஏடுகள் வியந்து எழுதின. நெல் விளைச்சல் அதனால் சரிந்துவிடவும் இல்லை. நிபுணர் ஆராய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக, மாற்றையும் காட்டி, காலக்கெடுவோடு செய்த காரியம் அது. 2021 மே மாதத்தில் உரமும் பீடைகொல்லியும் ஒருசேர, ஒரே வர்த்தமானியால், மறுநாட் பயிருக்கு மாற்று எதுவும் காட்டாமல் நிறுத்தப்பட்டதையும் கண்டோம். நவம்பருக்குள் அரசாங்கம் பின்வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் நட்டம் அடைந்தவன் உழவன். முன்னது சட்டம், பின்னது ஆணவம். இரண்டும் அரசாங்க வர்த்தமானியில் ஒரே எழுத்தில்தான் அச்சாகின்றன.

அளத்தலின் பயனையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே காட்டும் படிப்பினை கேரளத்தில் இருக்கிறது. அங்கே திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் ஆய்வுகூடம், கடைத்தெருவிலிருந்து காய்கறிகளை வாங்கிச் சோதித்து, எந்தக் காயில் எந்த நஞ்சு இருந்தது என்று காயின் பெயரைக் குறித்தே வெளியிட்டு வந்தது. அவ்வறிவைக் கொண்டே காய்கறி கழுவும் திரவம் ஒன்றையும் உருவாக்கினார்கள். புளிக்கரைசல் போன்ற எளிய வழிகளையும் மக்களுக்குச் சொன்னார்கள். அளவு முன்னே வந்தது, கழுவல் பின்னே வந்தது. அந்த வரிசைதான் முக்கியம். ஆனால் 2015-இல், தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் நஞ்சு மிகுதி என்று கேரள அதிகாரிகள் குரலெழுப்பியபோது, தமிழ்நாட்டு உழவரும் வணிகரும் கொதித்தெழுந்தனர். எங்கள் காய்தானா குற்றவாளி என்று கேட்டனர். அக்கேள்வியில் நியாயமும் இருந்தது. அளவுகோல் ஓர் ஊரை மட்டும் நோக்கி நீட்டப்படுமாயின், அது விலையை அடித்து வீழ்த்தும் தடியாக மாறிவிடும். நாளை ‘வெலிமடைப் போஞ்சி நஞ்சு’ என்று ஒரு வதந்தி கிளம்பினால், கெப்பிட்டிபொலப் பொருளாதார மையத்தில் மூட்டை விலையை இறக்குவதற்கு இடைத்தரகருக்கு அது ஒன்றே போதும்.

ஆதலால் நாம் கோருவதை ஒழுங்காகச் சொல்கிறோம். பீடைகொல்லி எச்சத்தை அளக்கும் ஆய்வுகூடம் ஒன்று ஊவாவுக்கென்றே, உழவர் அன்றே காயைக் கொண்டு வந்து காட்டக்கூடிய தொலைவில் வேண்டும். பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பதுளையில் 2005-இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டடம் இல்லை, கற்றவர் இல்லை என்று கூற இடமில்லை. முடிவுகள் சிங்களத்திலும் தமிழிலும் சந்தை வாயிலில் ஒட்டப்படல் வேண்டும்; எல்லா மாவட்டத்துக் காய்க்கும் ஒரே அளவுகோல் வேண்டும். எல்லைக்குள் நிற்கும் காய்க்குக் கூடுதல் விலை கிடைக்க ஒழுங்கு செய்தல் வேண்டும். குற்றம் கண்டவிடத்து முதல் விசாரணை, அந்த நஞ்சை அந்த அளவில் தெளிக்கச் சொல்லி விற்றவரிடமிருந்து தொடங்க வேண்டும். டாங்கி சுமந்த கூலியிடமிருந்து அன்று.

அதன்பின் பொறி வரட்டும். கெப்பிட்டிபொல மையத்தில், ஆய்வுகூடத்தின் கண்காணிப்பில், போஞ்சிக்கும் தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் ஒரு பருவம் சோதித்துப் பார்க்கலாம். கழுவுமுன் எவ்வளவு, கழுவியபின் எவ்வளவு, எஞ்சிய நீரில் எவ்வளவு, இடைநிலையில் பிறந்த பொருள் யாது என்று நான்கையும் எழுதி வெளியிடட்டும். கழுவிய காய் விரைவில் வாடுமா, தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய்ச் சேருமுன் அழுகுமா என்பதையும் பார்க்கட்டும். அது உழவனுக்கு நஞ்சளவினும் முதலான கேள்வி. கழுவிய நீரைக் கால்வாயில் விடுவதற்கு மட்டும் நாம் ஒருபோதும் உடன்பட முடியாது. அது புளிப்பேறிய நீர், நைத்திரேற்று கலந்த நீர், அரைகுறையாய்ச் சிதைந்த நஞ்சு கலந்த நீர். வெலிமடைச் சரிவுகளின் நீர் உமா ஓயாவிற் சேருகிறது. 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம், அந்நீரின் ஒரு பங்கை மலையின் மறுபுறத்துக்கு, கிரிந்தி ஓயாவை நோக்கித் திருப்பிவிட்டிருக்கிறது. மகாவலிக் கரையில் வாழ்வோர் மட்டுமன்றி, வெல்லவாயாவுக்குக் கீழே குடிப்போரும் இன்று நம் கழுநீருக்குப் பங்காளிகள்.

இவையெல்லாம் வரும்வரை சமையலறையில் யாது செய்வது என்று கேட்கும் வாசகர்க்குச் சுருங்கச் சொல்வோம். அமெரிக்காவின் கனெற்றிக்கட் விவசாய ஆய்வு நிலையத்தார் 12 வகை நஞ்சுகளை எடுத்து, வெறும் குழாய் நீரில் கழுவியதாலேயே ஒன்பது குறைந்ததைக் கண்டனர். மேலே கூறிய ஆப்பிள் சோதனையில், ஒரு லீற்றர் நீருக்கு 10 கிராம் அப்பச்சோடா, அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி கரைத்து, 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேற்புறத்து எச்சம் முற்றாக நீங்கியது. சவர்க்காரம் கூடாது. கோவாவின் வெளியிலைகளைக் கழித்துவிடுக. கரட்டின் தோலைச் சீவுக. தக்காளியை வெட்டுமுன், சமைக்குமுன் கழுவுக. அதன்மேல் படியும் மாங்கோசெப், சூட்டில் ஒரு பங்கு எதிலீன் தயோயூரியா என்னும் தீய பொருளாக மாறும். அது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்குக் கேடு. ஆயினும் மேற்புறம் கழுவியதால் உட்புறமும் தூய்மையாயிற்று என்று கொள்ளற்க. ‘நூற்றுக்கு நூறு நஞ்சு நீக்கும்’ என்று கூவி ஓசோன் பொறியோ பிளாஸ்மாப் பொறியோ விற்க வருபவரிடம், எந்த ஆய்வுகூடம், எந்தக் காய், எந்த நஞ்சு என்று மூன்று கேள்வி கேளுங்கள். விடை எழுத்தில் வராவிட்டால் பணத்தை மடியிலேயே வைத்திருங்கள்.

கழுவாய் என்ற தமிழ்ச் சொல் செய்த தவற்றுக்குச் செய்யும் பரிகாரத்தைக் குறிப்பது. தவறு செய்தவன் ஒருவன், கழுவுபவள் மற்றொருத்தி என்றால் அதற்குக் கழுவாய் என்ற பெயர் பொருந்துமா? இறக்குமதியாளரும் உரிமம் வழங்கியோரும் விற்றவரும் செய்ய வேண்டியதை, லயத்துக் குழாயடியில் நிற்கும் தாயின் தலையில் ஏற்றும் சூழ்ச்சிக்கு விஞ்ஞானத்தின் பெயரைச் சூட்ட நாம் இடங்கொடுக்கலாகாது.

வாசகர் இப்பொழுதே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபை எதனிடமும் தகவல் கேட்கும் உரிமையை இந்நாட்டின் ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகிறது. 1948-இல் பறிக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வரை இழுபட்ட பிரசாவுரிமை, தோட்டத்து மக்கள் கையில் இன்று இருக்கிறது. அதை வாக்குச் சீட்டுக்கு மட்டுமே உரியதென்று வைத்திருப்பானேன்? காரணம் கூறத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதை எழுத்தில் வடிப்பது தகவல் உத்தியோகத்தரின் கடமை என்று சட்டமே கூறுகிறது. பேராதனையிலுள்ள பீடைகொல்லிப் பதிவாளருக்கு ஒன்று, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒன்று, மாகாண விவசாயத் திணைக்களத்துக்கு ஒன்று என மூன்று கடிதங்கள் அனுப்புக. கடந்த ஐந்து ஆண்டுகளில் பதுளை மாவட்டத்திலிருந்து எச்சச் சோதனைக்கு எடுக்கப்பட்ட காய்கறி மாதிரிகள் எத்தனை, எந்தக் காய்கள், எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன, எல்லையை மீறியவை எத்தனை, அதன்பேரில் எடுத்த நடவடிக்கை யாது என்று கேளுங்கள். கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். முடிவைத் தெரிவிப்பதற்கு அவர்களுக்கு 14 வேலைநாட்கள் உண்டு; மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ முதலில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். வரும் பதில்களை எமக்கு அனுப்புங்கள். ‘மாதிரி எதுவும் எடுக்கப்படவில்லை’ என்ற பதிலாயினும் அனுப்புங்கள்.